காதில் குணுக்கு, மடியில் பணம் பத்திரம்

மழை பிடித்துக்கொண்டால் வித்துராவில் பாதி வேலை நின்றுபோகும். பட்டை நனைந்திருக்கும்போது ரப்பர் மரத்தில் கத்தி வைக்க முடியாது. பொன்முடிக்குப் போகும் சுற்றுலா ஜீப்புகள் குறைந்துவிடும். திருவனந்தபுரம் மாவட்டத்தின் இந்த மலையடிவார ஊருக்கு மழை ஒரு தடவை வந்துவிட்டுப் போவதில்லை. ஜூனில் தென்மேற்குப் பருவம், அக்டோபரில் வடகிழக்கு என்று இரண்டு பக்கமும் கவனித்துக்கொள்கிறது. அப்படிப்பட்ட மதிய நேரங்களில் இந்தப் பக்கத்து வீட்டுத் திண்ணைகளில் ஒரு காட்சியைக் காணலாம். பாயில் ஆறு பேர் வட்டமாக உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் விட்டு ஒருவராக மூன்று பேரின் காதில் ஏதோ தொங்கிக்கொண்டிருக்கும். சில சமயம் பலா இலை, சில சமயம் ஈர்க்கில் கோத்த தென்னங்குரும்பை, வசதியான வீடாக இருந்தால் துணி உலர்த்தும் கிளிப். மூவருமே மீசை வைத்த பெரிய மனிதர்களாக இருப்பார்கள். அதைப் பற்றி அவர்கள் பேச விரும்புவதில்லை.

பாயில் பணம் இருக்காது. ஆனால் பந்தயம் இருக்கிறது. அது காதில் தொங்குகிறது.

கேரளத்தில் இதற்குப் பெயர் குணுக்கு. தமிழுக்கும் இது அந்நியமான சொல் அல்ல. காது வளர்ப்பதற்காகத் தொங்கவிட்ட கனமான உருண்டைக்கு நம் பாட்டிமார்கள் சொன்ன பெயரும் குணுக்குதான். கேரளத்தின் சிரியன் கிறிஸ்தவ மூதாட்டிகள் மேல்காதில் போட்டிருந்த தங்க வளையத்துக்கும் அதே பெயர். சீட்டாட்டத்தில் அது தோற்றவரின் அடையாளம். கணக்கில் இருப்பதையெல்லாம் தோற்றுவிட்ட கட்சி காதில் குணுக்கு மாட்டிக்கொண்டு ஆட வேண்டும். மறுபடி ஜெயித்தால்தான் கழற்றலாம் என்பது பல வீடுகளில் வழக்கம். அதற்குள் யார் வந்தாலும், மருமகன் வந்தாலும், பால்காரர் வந்தாலும், கழற்றக் கூடாது.

இதே மாவட்டத்தில் இப்போது வேறு ஆட்டங்களும் வந்துவிட்டன. பெங்களூரிலிருந்து விடுமுறைக்கு வரும் பையன்களும், வளைகுடாவிலிருந்து திரும்புபவர்களும், கல்லூரி விடுதிகளில் பழகியவர்களும் போக்கர் கேட்கிறார்கள். ஓணத்துக்கோ கல்யாணத்துக்கோ உறவு கூடும் இரவில், பெரியவர்கள் 56-க்குக் கட்டைக் கலைக்க, இளையவர்கள் பக்கத்து அறையில் டெக்ஸாஸ் ஹோல்டெம் விரிக்கிறார்கள். இரண்டு அறையிலும் அதே சீட்டுகள்தான். ஆனால் இரண்டு ஆட்டங்களும் மனிதர்களிடம் கேட்பது வெவ்வேறு. எது வீட்டுக்கு ஏற்றது, எந்த விதிகளோடு ஏற்றது என்பது விளையாட்டுத்தனமான கேள்வி அல்ல. நண்பர்களாக உட்கார்ந்தவர்கள் நண்பர்களாகவே எழுந்திருக்க வேண்டும் என்றால் அதைக் கட்டைக் கலைப்பதற்கு முன்பே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

மூடிய துருப்பு

முதலில் நான்கு பேர் ஆடும் 28. கட்டிலிருந்து 2 முதல் 6 வரை உள்ள சீட்டுகளை ஒதுக்கிவிட்டால் 32 மிஞ்சும். இந்த ஆட்டத்தில் ராஜாவுக்கும் ராணிக்கும் மரியாதை கிடையாது. மலையாளிகள் குலான் என்று அழைக்கும் ஜாக்கிதான் பெரியவர். அவருக்கு 3 புள்ளி. அடுத்தது 9, அதற்கு 2. ஆஸுக்கும் 10-க்கும் ஒவ்வொன்று. ராஜா, ராணி, 8, 7 நான்குக்கும் பூஜ்யம். பெரியதிலிருந்து சிறியதுக்கான வரிசையும் இதேதான். ஓர் இனத்தில் 7 புள்ளி, நான்கு இனத்துக்கும் சேர்த்து 28. பெயர் வந்த கதை அவ்வளவுதான்.

எதிரெதிரே உட்காருபவர்கள் ஒரு கட்சி. சீட்டுப் போடுவதும் ஆடுவதும் வலப்பக்கமாகச் சுற்றும். முதலில் ஆளுக்கு நான்கு சீட்டு மட்டும். அந்த நான்கைப் பார்த்துக் கேள்வி தொடங்குகிறது. குறைந்தது 14, அதாவது மொத்தத்தில் பாதி. போட்டவருக்கு வலப்பக்கம் உள்ளவர் 14-ஆவது கேட்டே ஆக வேண்டும் என்பது பரவலான வழக்கம். மற்றவர்கள் ஏற்றலாம், அல்லது பாஸ் சொல்லலாம். யார் அதிகம் கேட்டாரோ அவர் துருப்பு இனத்தை முடிவு செய்து, அந்த இனத்தின் ஒரு சீட்டை முகம் தெரியாமல் கவிழ்த்து வைக்கிறார். பிறகுதான் மீதி நான்கு சீட்டுகள் வருகின்றன.

ஆட்டத்தின் உயிர் அந்தக் கவிழ்த்த சீட்டில் இருக்கிறது. துருப்பு என்ன என்பது எதிராளிக்கும் தெரியாது, சொந்தக் கூட்டாளிக்கும் தெரியாது. இறக்கிய இனம் கையில் இல்லாத ஒருவர், துருப்பைக் காட்டு என்று கேட்கலாம். கேட்டால் திறக்க வேண்டும். கேட்டவரிடம் துருப்பு இருந்தால் அந்தப் பிடியிலேயே அவர் வெட்டியாக வேண்டும் என்று பல இடங்களில் வைத்திருக்கிறார்கள். கேட்காமல் வேறொரு சீட்டைத் தள்ளிவிட்டு மௌனமாகவும் இருக்கலாம். திறக்கும்வரை துருப்பு இனத்துச் சீட்டுக்கு எந்தச் சக்தியும் இல்லை. துருப்பு வைத்தவரும் திறப்பதற்கு முன் அந்த இனத்தை முதலில் இறக்கக் கூடாது, கையில் வேறு இனமே இல்லாவிட்டால் ஒழிய.

எட்டுப் பிடிகள், 28 புள்ளிகள். சராசரியாகப் பிடிக்கு மூன்றரை. ஆனால் சராசரியை நம்பி 20 கேட்டவர்கள்தான் பெரும்பாலும் குணுக்கு மாட்டுகிறார்கள். நான்கு சீட்டில் குலானும் 9-ம் ஒரே இனத்தில் வந்துவிட்டால் மனம் துள்ளும். அந்த இரண்டும் சேர்ந்து தருவது 5 புள்ளிதான் என்பதையும், மற்ற இனங்களின் மூன்று குலான்கள் இன்னும் எங்கோ இருக்கிறார்கள் என்பதையும் நினைவில் வைப்பவர் 16-ல் நிற்பார். கூட்டாளியின் கையை நம்பி ஏற்றுபவர், அந்தக் கூட்டாளிக்குத் தன் துருப்பு தெரியாது என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

இதில் வீட்டுக்கு வீடு மாறும் விஷயங்கள் உண்டு. துருப்பு இனத்து ராஜாவும் ராணியும் ஒரே கையில் இருந்தால் அது ஜோடி. துருப்பு திறந்த பிறகு அதைக் காட்டலாம். கேட்ட கட்சியிடம் இருந்தால் கேட்ட எண்ணிலிருந்து 4 குறையும். எதிர்க்கட்சியிடம் இருந்தால் 4 கூடும். சில வீடுகளில் ஜோடி உண்டு, சில வீடுகளில் இல்லை. முழுக் கையும் வந்தபின் பெரிய எண்ணுக்கு இரண்டாவது சுற்றுக் கேள்வி சிலர் வைக்கிறார்கள். கூட்டாளியைக் கவிழ்த்து வைக்கச் சொல்லிவிட்டு எட்டுப் பிடியையும் ஒருவரே எடுப்பதாகச் சொல்லும் தனி ஆட்டமும் உண்டு. எந்த வழக்கம் என்று முன்கூட்டியே பேசாததுதான் பாதிச் சண்டைக்குக் காரணம். மீதிப் பாதிக்குக் காரணம் கூட்டாளி.

ஆறு பேரின் உரையாடல்

56 என்பது இதே ஆட்டத்தின் அண்ணன். இரண்டு கட்டுகளிலிருந்தும் குலான், 9, ஆஸ், 10, ராஜா, ராணி ஆகியவற்றை மட்டும் எடுத்தால் 48 சீட்டு. ஆறு பேர், ஆளுக்கு எட்டு. ஒருவர் விட்டு ஒருவராக மூன்று பேர் ஒரு கட்சி. புள்ளிக் கணக்கு அதேதான், கட்டு இரட்டிப்பதால் மொத்தம் 56. கேள்வி 28-ல் தொடங்கும், அதுவும் பாதிதான். ஒரே மாதிரி இரண்டு சீட்டு விழுந்தால் முதலில் விழுந்ததற்கே வெற்றி.

இங்கே துருப்பு மூடியில்லை. கடைசியாகக் கேட்டவர் சொன்ன இனமே துருப்பு. துருப்பே வேண்டாம் என்றும் கேட்கலாம். ஒளிவு போய்விட்டதால் ஆட்டத்தின் சாமர்த்தியம் கேள்விக்குள் புகுந்துகொண்டது. எந்த இனத்தைச் சொல்கிறார், எத்தனை ஏற்றுகிறார், எண்ணை முன்னால் சொல்கிறாரா இனத்தை முன்னால் சொல்கிறாரா என்பதெல்லாம் கூட்டாளிகளுக்கான செய்தி. எட்டுச் சீட்டில் என்ன இருக்கிறது என்பதை நாலு வார்த்தையில், எதிரிகளின் காதுபடவே சொல்லியாக வேண்டும். அந்தச் சங்கேதம் எல்லோருக்கும் தெரிந்ததாக இருக்க வேண்டும் என்பது நாகரிகம். புருவத்தை உயர்த்துவதும், செருமுவதும், சீட்டை ஓங்கி அடிப்பதும் கள்ள ஆட்டம். பழைய ஆட்டக்காரர்கள் இதற்காக ஆளையே மாற்றிவிடுவார்கள்.

கணக்குக்குத் தாளும் பேனாவும் வேண்டாம். ஒதுக்கிய சிறு சீட்டுகளையே இரண்டு கட்சியும் சமமாகப் பங்கிட்டு வைத்துக்கொள்கின்றன. கேட்டதை எடுத்தால் எதிரியிடமிருந்து வாங்கலாம், தவறினால் கொடுக்க வேண்டும். பெரிய எண் கேட்டால் பெரிய பரிமாற்றம். ஜெயித்தால் கிடைப்பதைவிடத் தோற்றால் கொடுப்பது ஒன்று கூடுதல் என்பது பொதுவான கணக்கு. பேராசைக்கு வரி என்று வைத்துக்கொள்ளலாம். கையிருப்புத் தீர்ந்தால் குணுக்கு.

இந்தக் குடும்பத்தின் இன்னொரு கிளை தமிழர்களிடமே இருக்கிறது. இலங்கையிலும் தமிழ்நாட்டின் சில பகுதிகளிலும் ஆடப்படும் 304. அங்கே ஜாக்கிக்கு 30, 9-க்கு 20, ஆஸுக்கு 11, 10-க்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2. ஓர் இனத்துக்கு 76, நான்குக்கும் 304. யாழ்ப்பாணத்துக்காரரும் வித்துராக்காரரும் ஒரே பாயில் உட்கார்ந்தால் பத்து நிமிடத்தில் ஒத்துப்போய்விடலாம்.

ஜாக்கியும் 9-ம் மேலே ஏறும் இந்த விசித்திர வரிசை ஐரோப்பாவிலும் உண்டு. டச்சுக்காரர்களின் கிளாவர்யாஸ் ஆட்டத்தில் துருப்பு ஜாக்கிக்கு 20, துருப்பு 9-க்கு 14. கிளாவர் என்று நாம் சொல்லும் இனத்துக்கு டச்சு மொழியிலும் அதே பெயர். இஸ்பேடு போர்த்துக்கீசிய எஸ்பாடாஸை நினைவூட்டும். 1663-ல் போர்த்துக்கீசியரிடமிருந்து கொச்சியைப் பறித்தவர்கள் டச்சுக்காரர்கள். கப்பலில் மிளகு ஏற்ற வந்தவர்கள் சீட்டுக் கட்டை மறந்து வைத்துவிட்டுப் போனார்களோ என்னவோ, சொற்கள் தங்கிவிட்டன.

பக்கத்து அறையில் போக்கர்

போக்கர் வேறு ஜாதி. இதில் கூட்டாளி இல்லை. பிடி இல்லை. கையில் இருப்பதைவிட, கையில் இருப்பதாக மற்றவர் நம்புவதுதான் முக்கியம்.

வீட்டில் ஆட மூன்று வகை போதும். புதியவர்களுக்கு ஐந்து சீட்டு மாற்று ஆட்டம் எளிது. ஆளுக்கு ஐந்து, ஒரு சுற்றுப் பந்தயம், வேண்டாததைக் கொடுத்துப் புதிது வாங்குதல், மறுபடி ஒரு சுற்று, பிறகு திறப்பு. இரண்டாவது ஹோல்டெம். ஆளுக்கு இரண்டு சீட்டு மூடியபடி. போட்டவருக்கு அடுத்த இருவர் சிறு பந்தயமும் பெரு பந்தயமும் கட்டாயமாக வைக்க வேண்டும். முதல் சுற்றுக்குப் பின் நடுவில் மூன்று சீட்டு திறக்கப்படும், பிறகு ஒன்று, கடைசியாக இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் பின் ஒரு சுற்று. கையில் உள்ள இரண்டும் நடுவில் உள்ள ஐந்தும் சேர்ந்த ஏழில் சிறந்த ஐந்தே ஒருவரின் கை. மூன்றாவது ஒமாஹா. ஆளுக்கு நான்கு சீட்டு, ஆனால் அதில் இரண்டே இரண்டைத்தான், நடுவில் உள்ளதில் மூன்றைத்தான் எடுக்க வேண்டும். புதியவர்கள் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

கைகளின் வரிசை: பெரிய சீட்டு, ஒரு ஜோடி, இரு ஜோடி, மூன்று ஒரே எண், ஐந்து தொடர் எண், ஐந்தும் ஒரே இனம், மூன்றும் இரண்டும் சேர்ந்த ஃபுல் ஹவுஸ், நான்கு ஒரே எண், எல்லாவற்றுக்கும் மேலே ஒரே இனத்தில் தொடர். நம் ஊர் மூணு சீட்டு ஆடிப் பழகியவர்கள் இங்கே ஒரு தகராறு கிளப்புவார்கள். மூணு சீட்டில் தொடர் பெரியது, ஒரே இனம் சிறியது. போக்கரில் தலைகீழ். யார் சொல்வது சரி?

இரண்டும் சரி. 52 சீட்டில் மூன்றை எடுக்க 22,100 வழிகள். அதில் வெறும் தொடர் 720 தடவை வரும், ஒரே இனம் 1,096 தடவை. அரிதானது தொடர், எனவே அது பெரியது. ஐந்து சீட்டை எடுக்க 25,98,960 வழிகள். அதில் தொடர் 10,200, ஒரே இனம் 5,108. இப்போது ஒரே இனம்தான் அரிது. சீட்டின் எண்ணிக்கை மாறியதும் கணக்கே புரண்டுவிடுகிறது. ஆனால் மூணு சீட்டிலும் ஓர் அநியாயம் இருக்கிறது. மூன்றும் ஒரே எண்ணாக வர 52 வழி, ஒரே இனத் தொடராக வர 48 வழிதான். கணக்குப்படி தொடர்தான் உச்சியில் இருக்க வேண்டும். பழக்கம் கணக்கை ஜெயித்துவிட்டது.

மூணு சீட்டின் மாற்று ஆட்டங்களும் பல. சீட்டைப் பார்க்காமல் ஆடுபவர் பார்த்து ஆடுபவரில் பாதி வைத்தால் போதும் என்பது அடிப்படை. முஃப்லிஸ் ஆட்டத்தில் மிகச் சிறிய கைக்கே வெற்றி. ஏகே 47-ல் ஆஸ், ராஜா, 4, 7 எல்லாம் ஜோக்கர். கேட்க உற்சாகமாக இருக்கும். ஆனால் ஜோக்கர் கூடக் கூட அறிவுக்கு வேலை குறைந்து அதிர்ஷ்டத்துக்கு வேலை கூடுகிறது என்பதை மறக்கக் கூடாது.

பணம் எப்போது உள்ளே வருகிறது

போக்கரிலும் மூணு சீட்டிலும் உள்ள பெரிய வித்தியாசம் இதுதான்: இழக்க ஒன்றும் இல்லாவிட்டால் அந்த ஆட்டமே நடக்காது. வெறும் வாயில் ஆயிரம் ஏற்றினேன் என்றால் யாரும் பயந்து சீட்டைப் போட்டுவிட மாட்டார்கள். பொய் சொல்லி ஜெயிக்கும் ஆட்டத்தில் பொய்க்கு ஒரு விலை இருந்தாக வேண்டும். 28-லும் 56-லும் அந்தத் தேவை இல்லை. கேட்டதை எடுக்க வேண்டும் என்ற கட்டாயமே பந்தயம்.

ஆனால் போக்கரின் விலை பணமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. வித்துரா பக்கம் ரப்பர் கொட்டைக்குப் பஞ்சமில்லை. ஆளுக்கு நூறு கொட்டை என்று எண்ணிக் கொடுத்து, தீர்ந்தால் குணுக்கு என்று வைத்தால், பொய் சொல்லவும் பயம் வரும், நம்பவும் பயம் வரும். புளியங்கொட்டையும் சோழியும் கூட இந்த வேலையைச் செய்யும். பக்கத்து அறையின் தண்டனையை இந்த அறைக்குக் கடன் வாங்கினால் போதும்.

எந்த நாணயத்தில் ஆடினாலும் சில விதிகளைச் சத்தமாகச் சொல்லிவிட்டு ஆரம்பிப்பது நல்லது. ஆளுக்கு இவ்வளவுதான், தீர்ந்தால் வெளியே. ஆட்டம் நடக்கும்போது யாருக்கும் யாரும் கடன் தரக் கூடாது. ஒரு கை நடக்கும்போது முன்னால் இருப்பதை மட்டுமே வைக்கலாம், சட்டைப் பைக்குக் கை போகக் கூடாது. எல்லாவற்றையும் வைத்துவிட்டவர் தான் வைத்த அளவுக்குத்தான் ஜெயிக்கலாம், மீதி பந்தயம் மற்றவர்களுக்கிடையே தனியாக நடக்கும். ஒருவர் கலைத்தால் வேறொருவர் வெட்ட வேண்டும். திறந்த சீட்டு சொல்வதே தீர்ப்பு, வாய் சொல்வது அல்ல. முடியும் நேரம் முதலிலேயே முடிவாக வேண்டும். தோற்றவர் கேட்கிறார் என்பதற்காக இன்னும் ஒரு கை நீளக் கூடாது. கடைசி விதிதான் எல்லாவற்றிலும் கடினம். விடியற்காலைவரை நீண்ட ஆட்டங்கள் பெரும்பாலும் அந்த ஒரே ஒரு கையில்தான் தொடங்குகின்றன.

கோர்ட்டுக்குப் போன சீட்டுக் கட்டு

சீட்டாட்டம் திறமையா அதிர்ஷ்டமா என்ற கேள்வி இந்திய நீதிமன்றங்களில் பல காலமாகச் சுற்றுகிறது. செகந்திராபாத் கிளப் ஒன்றைப் பற்றிய வழக்கில் 1967 நவம்பரில் சுப்ரீம் கோர்ட், நீதிபதி ஹிதாயதுல்லாவின் தீர்ப்பில், ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டம் என்றது. விழுந்த சீட்டுகளை நினைவில் வைக்க வேண்டும், எதை வைத்துக்கொள்வது, எதைப் போடுவது என்று தீர்மானிக்க வேண்டும் என்பது காரணம். அதே தீர்ப்பு மூணு சீட்டைச் சுத்தமான அதிர்ஷ்டம் என்று ஒதுக்கியது. ரம்மியாகவே இருந்தாலும் இடம் கொடுப்பவர் அதில் லாபம் பார்த்தால் கதை வேறு என்றும் எச்சரித்தது.

கேரளத்தில் 1960-ம் ஆண்டின் சூதாட்டச் சட்டம் இருக்கிறது. அதன் கீழ் 1976-ல் வந்த அறிவிக்கை ரம்மி, 28, 56 போன்ற ஆட்டங்களுக்கு விலக்கு அளித்தது. ஆனால் பக்கப் பந்தயம் கூடாது. திண்ணை ஆட்டங்களுக்கு அரசாங்கமே பெயர் சொல்லி மரியாதை செய்த அபூர்வம் இது.

போக்கருக்கு அந்த நிச்சயம் கிடைக்கவில்லை. மேற்கு வங்கத்தின் 1957-ம் ஆண்டுச் சட்டம் போக்கரைச் சூதாட்டத்தின் பட்டியலிலிருந்தே விலக்கியிருக்கிறது. குஜராத் ஹைகோர்ட் 2017-ல் அது சூதாட்டமே என்றது. சென்னை ஹைகோர்ட் 2023 நவம்பரில், தமிழக அரசின் 2022-ம் ஆண்டு ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டத்தை விசாரித்தபோது, ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்றது. ஒரே கட்டு, மாநிலத்துக்கு ஒரு தீர்ப்பு.

இந்த இழுபறி தீவிரமானது திண்ணையால் அல்ல, செல்போனால். ஆன்லைன் ரம்மியில் பணத்தை இழந்தவர்கள் தற்கொலை செய்துகொண்ட செய்திகள் கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் அடுத்தடுத்து வந்தன. கேரள அரசு 2021 பிப்ரவரியில் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ரம்மிக்கு விலக்கு இல்லை என்று அறிவித்தது. அதே ஆண்டு செப்டம்பரில் கேரள ஹைகோர்ட் அந்த அறிவிப்பை ரத்து செய்தது. திறமை ஆட்டம் திண்ணையில் ஆடினாலும் திரையில் ஆடினாலும் திறமை ஆட்டம்தான் என்ற வாதம் வென்றது. 2025 ஆகஸ்டில் பார்லிமெண்ட் நிறைவேற்றிய சட்டம் அந்த வாதத்தையே ஓரம் கட்டியது. பணம் வைத்து ஆன்லைனில் ஆடுவது திறமையானாலும் அதிர்ஷ்டமானாலும் தடை என்று அது சொல்கிறது.

திறமையா அதிர்ஷ்டமா என்று கேட்டுக்கொண்டிருந்தபோது ஒரு சாதாரண விஷயம் கவனத்திலிருந்து நழுவிவிட்டது. திண்ணையில் ஆடுபவனை ஐந்து பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவன் முகம் வெளுத்தால் ஒருவர் கவனிப்பார். போதும் எழுந்திரு என்று அண்ணன் முறைக்காரர் சொல்வார். உள்ளேயிருந்து மனைவி கூப்பிடுவாள். மழை விட்டால் ஆட்டம் முடியும். செல்போனில் மழை விடுவதில்லை. எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு முகமும் கிடையாது, தோற்பவனின் வீடு எது என்றும் தெரியாது. திறமை அதே திறமைதான். போதும் என்று சொல்ல ஆள் இல்லை.

வீட்டிலும் ஆபத்து இல்லை என்று சொல்லிவிட முடியாது. பணம் வைத்துச் சீட்டாடியவர்கள் கைது என்பது கேரளப் பத்திரிகைகளில் அன்றாடச் செய்தி. சின்னத் தொகையில் ஆரம்பித்து அரிசிக் காசில் முடிந்த குடும்பங்கள் இரண்டு மாநிலத்திலும் உண்டு. சீட்டுக் கட்டைக் கண்டாலே பெண்கள் முகம் சுளிப்பதற்கு அந்த நினைவுதான் காரணம். அவர்களைக் குறை சொல்ல முடியாது. பல வீடுகளில் தோற்றவர் ஆணாக இருந்தாலும் நகையை அடகு வைத்தது அவர்கள்தான்.

அந்தக் கண்ணோட்டத்தில் பார்த்தால் குணுக்கு ஒரு கேலி மட்டும் அல்ல. தோல்விக்கு எல்லை கட்டும் ஏற்பாடு. எவ்வளவு மோசமாகத் தோற்றாலும் இதற்கு மேல் ஒன்றும் போகாது என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. மானம் போகிறது, ஆனால் எல்லோர் முன்னாலும் போவதால் எல்லோரும் சேர்ந்து சிரித்துத் திருப்பிக் கொடுத்தும் விடுகிறார்கள். ஆண் பிள்ளை காதில் பெண்ணின் நகையா என்பதுதான் ஒரு காலத்தில் அந்தத் தண்டனையின் கூர்மை. இன்று கடுக்கன் போட்ட பேரன் பக்கத்தில் உட்கார்ந்து, இதில் என்ன அவமானம் தாத்தா என்று கேட்கிறான். கேள்வி நியாயமானது. பலா இலை நகை அல்ல என்பதும், அதை மாட்டியவர் கேட்டது 24, எடுத்தது 19 என்பதும்தான் இப்போது மிஞ்சியிருக்கும் அவமானம். அதுவும் போதுமானதாகத்தான் இருக்கிறது.

மழை ஓய்ந்து மலைப்பக்கம் வெளுக்கும்போது பாய் சுருட்டப்படும். ஒதுக்கிய சீட்டுகள் மறுபடி கட்டோடு சேரும். தோற்ற மூவரும், நாளைக்குப் பார்த்துக்கொள்கிறோம் என்று எழுந்திருப்பார்கள். வீட்டுக்குப் போகும் வழியில் பஸ் நிறுத்தத்தில் யாராவது உற்றுப் பார்க்கும்போதுதான் ஒருவருக்கு நினைவு வரும், காதில் கிளிப் இன்னும் இருக்கிறது என்று. கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். காலையில் அந்தப் பையில் இருந்த பணம் அப்படியே இருக்கும்.